தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள்

ஷாமளா செய்த தவறு ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை அடி வாங்குகிறது என்று சொல்லப் போனாள்.

போன இடம் பரிவுக் குடும்பநல மையம். கூலாயிலிருந்து பண்டார் தெங்காரா போகிற சாலையில், செம்பனைத் தோட்டம் முடிந்து தாமான் குடியிருப்பு தொடங்கும் இடத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில் அது இருந்தது. படியேறும் சுவர் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைகளின் படங்கள். 'எந்தப் பிள்ளையும் தனியாக அழக்கூடாது' என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே ஏர்கோன் நன்றாக ஓடியது, சோபா மெத்தென்று இருந்தது, ஒரு மூலையில் பொம்மைகள்கூட அடுக்கியிருந்தன. பிள்ளைகளைத்தான் காணோம்.

செனாய் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை அவளுக்கு. அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கணவன் வசந்தனிடம்கூடச் சொல்லவில்லை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய், ஊர் அடங்கிய பிறகு திரும்புகிற மனிதன் அவன். அவனிடம் எதைச் சொன்னாலும் "நமக்கு ஏன் வம்பு" என்பான். ஆனால் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. ஒட்டு வீடு, நடுவில் ஒரே சுவர். சாயங்காலமானால் அந்தப் பக்கம் மூர்த்தியின் ரப்பர் குழாய் விழுகிற சத்தம் இந்தப் பக்கம் சமையலறையில் கேட்கும். லோஷினிக்கு ஏழு வயது. தாய் செத்த பிறகு அந்த வீட்டில் அவளும் அப்பனும் அப்பனின் கட்டுச்சேவல்களும்தான். மூர்த்தி சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வந்தால் சேவல்களைத் தடவிக் கொடுப்பான், மகளை அடிப்பான். முதலில் அலறிக்கொண்டிருந்த பிள்ளை இப்போதெல்லாம் அலறுவதில்லை. அதுதான் ஷாமளாவைப் படியேற வைத்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த சமூக சேவகி சாந்தினி நல்ல பெண். சின்ன வயசு, முகத்தில் உண்மையான கவலை.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிக்கா. உங்கள மாதிரி ஆளுங்கதான் சமுதாயத்துக்கு வேணும். அந்தப் பிள்ளையப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்க."

"என்னையப் பத்தி என்னா மேடம் இருக்கு?"

"புகார் குடுக்கறவங்க எப்படிப்பட்டவங்கன்னு சிஸ்டத்துக்குத் தெரியணும்லா. நல்ல குடும்பமா இருந்தாத்தான் புகார் உள்ள போவும்."

ஷாமளா சொன்னாள். வீடு, வேலை, கணவன், ஒரே மகன். மகன் பெயர் யுகேந்திரன், சுருக்கமாக யுகேன், ஐந்து வயது.

"வேற பேர் ஏதாச்சும்?"

"வீட்ல தவிடன்னு கூப்பிடுவோம்."

"ஏன்க்கா அப்படி?"

"பொறந்தப்போ மூச்சு தங்கலை மேடம். ஆஸ்பத்திரியே வீடாப் போச்சு. அப்புறம் மாரியாத்தாகிட்ட குடுத்துட்டு, தவிட்டுக்கு வாங்கினோம்."

நம் ஜனங்களுக்கு இது தெரியாத சங்கதியா என்ன? தங்காத பிள்ளையை அம்மன் சன்னதியில் படுக்க வைத்து, "இனிமே இது உன் பிள்ளை தாயே" என்று கொடுத்துவிட வேண்டியது. பிறகு ஒரு கிண்ணம் தவிட்டைக் கொடுத்து, யாரோ பெற்ற பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வர வேண்டியது. தவிட்டுக்கு வந்த பிள்ளைமேல் எமனுக்கும் கண் விழாது, எதிர்வீட்டுக்காரிக்கும் கண் விழாது. ரப்பர் தோட்டத்துக் காலத்திலிருந்து நடப்பதுதான்.

சாந்தினியின் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

"வாங்கினீங்களா?"

"ஆமா மேடம்."

"வாங்கினீங்கன்னா, யாரோ வித்திருக்கணுமே."

"விக்கிறதுன்னா… ஆத்தாதான்."

சாந்தினி பெருமூச்சு விட்டாள். "எனக்குப் புரியுதுக்கா. எங்க தம்பியவும் இப்படித்தான் வாங்கினாங்க. ஆனா அப்போ சிஸ்டம் இல்லை." சொல்லிக்கொண்டே திரையில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினாள். திரை முழுவதும் சிவப்பாகிவிட்டது. "அலமாக்!" என்றாள் மெதுவாக. அவள் முகமும் வெளுத்துப்போனது.

பிறகு விளக்கினாள். பிள்ளையை அடித்தால் பச்சை. பட்டினி போட்டால் மஞ்சள். விற்றால், வாங்கினால் சிவப்பு. சிவப்பு விழுந்துவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது. மையத்தில் இருக்கிற எல்லா வண்டியும் புறப்பட்டுவிடும்.

"அப்போ லோஷினி மேடம்?"

"அது பச்சைக்கா. பச்சைய நாங்க பாத்துக்கிட்டே இருப்போம்."

எங்கிருந்து பார்ப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. ஷாமளாவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. யுகேனை நினைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அவள் வீடு சேருமுன்னே நான்கு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. தாமானே வாசலுக்கு வந்து பார்த்தது. ஒரே மாதிரிச் சட்டை போட்டவர்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். யுகேனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதாள். அதையும் ஒருவர் 'பராமரிப்பாளர் மனநிலை சரியில்லை' என்று எழுதிக்கொண்டார்.

சமையலறையில் கோழிக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டு டின் அகப்பட்டது. பெரிய அதிகாரி ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்துப் பையில் அடைத்தார்.

"இது எதுக்கு வச்சிருக்கீங்கம்மா?"

"கோழிக்கு சார்."

"ஒரு டின் நெறைய இருக்கே. இன்னும் பிள்ளைங்க வாங்கற யோசனை இருக்கா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. கிண்டல் செய்கிறவனிடம் பதில் பேசலாம், இவரிடம் என்ன பேசுவது?

யுகேனை உட்கார வைத்து, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து விசாரித்தார்கள். தம்பி யாரோட பிள்ளை? நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் சொல்லிக்கொடுத்த பதில் அவனுக்குத் தயாராக இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"மாரியாத்தா பிள்ளை!"

"அப்போ இவங்க யாரு?" என்று ஷாமளாவைக் காட்டினார்கள்.

"அம்மா. இவங்கதான் என்னைய வாங்கிட்டு வந்தாங்க."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். பிள்ளைக்குத் தன் பதில் இத்தனை பேருக்குப் பிடித்துப்போனதில் ஒரே சந்தோஷம்.

வேலிக்கு அந்தப் பக்கம் மூர்த்தி ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"என்னா ஷாமளா, பிள்ளைய விக்கிறது வாங்கறதெல்லாம் பண்றியாமே? சீ! பெத்தவளா நீ?"

அதிகாரிகளுக்கு அவன் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. அக்கறையுள்ள அண்டை வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வேண்டும் என்று சிவப்புக் கோப்பில் ஒரு விதி இருந்ததாம். மூர்த்தி வாய் நிறையச் சாட்சி சொன்னான். அவனைப் பாராட்டி, மஞ்சள் நிற டீ-சட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். முதுகில் 'பிள்ளைகளின் தோழன்' என்று அச்சடித்திருந்தது. அவனுக்குப் பின்னால், கதவிடுக்கில், லோஷினி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், அந்த வெயிலில்.

"சார், அந்தப் பிள்ளைய ஒரு நிமிசம் பாருங்க சார்," என்றாள் ஷாமளா.

"அது வேற கோப்பும்மா," என்றார் அவர். "ஒரு வீட்டுக்கு வந்துட்டு இன்னொரு வீட்டப் பாத்தா, பயணப்படி பிரச்சினையாகும்."

அன்றிலிருந்து ஷாமளா பயத்தோடுதான் எழுந்தாள், பயத்தோடுதான் படுத்தாள். வாசலில் எந்த வண்டி நின்றாலும் ஓடிப்போய் யுகேனை அணைத்துக்கொள்வாள். ரொட்டிக்காரன் ஹாரன் அடித்தால்கூட நெஞ்சு திடுக்கென்னும். "யாராச்சும் கேட்டா, அம்மா பிள்ளைன்னு சொல்லணும், சரியா?" என்று அவனுக்குப் பாடம் நடத்தினாள். "பொய் சொன்னா ஆத்தா கண்ணக் குத்தும்னு சொன்னீங்களே?" என்றான் பிள்ளை. அவள் சாமி அலமாரி முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வசந்தன் வழக்கம்போல, "நமக்கு ஏன் வம்புன்னு அப்பவே சொன்னேன்ல?" என்றான். அவன் அப்போது எதுவும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் அவன் குரலும் நடுங்கியதால் அவள் சண்டை போடவில்லை.

அடுத்து, மூன்றாம் நபரின் வீட்டை ஆய்வு செய்ய வேண்டும் என்றார்கள். மூன்றாம் நபர் என்றால் பிள்ளையைக் கைமாற்றியவர். அதாவது மாரியம்மன்.

செம்பனைத் தோட்டத்து ஓரக் கோயிலுக்கு அதே சட்டைக்காரர்கள் போனார்கள், ஷாமளாவையும் கூட்டிக்கொண்டு. பூசாரி ராஜசேகரன் அப்போதுதான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க குடியிருக்கறவங்க பேரு?" என்று ஆரம்பித்தார் பெரிய அதிகாரி.

"மாரியம்மன்," என்றார் பூசாரி, பக்தர் யாரோ புதிதாக வந்திருக்கிறார் என்ற நினைப்பில்.

"தொழில்?"

"காக்கறது."

"வருமானம்?"

"உங்க மனசு போல உண்டியல்ல போடுங்க."

"பிள்ளைங்க எத்தனை?"

"என்னா சார் கேள்வி? ஊர்ல உள்ள அத்தனையும் அவ பிள்ளைங்கதான்."

பிள்ளைகள் அளவுக்கு மீறி இருப்பதாக எழுதிக்கொண்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சூலம். தலைக்கு மேல் நாகம், வளர்ப்புப் பிராணிக்கு உரிமம் இல்லை. தொட்டில் இல்லை, அடுப்பு இல்லை, பிள்ளை தூங்கத் தனி அறை இல்லை. கணவர் எங்கே என்று கேட்டதற்குப் பூசாரி ஏதோ முணுமுணுக்க, 'தனித்து வாழும் தாய்' என்று பதிவாயிற்று. எழுதி முடித்ததும் சன்னதித் திரை விலகியது. கற்பூரம் காட்டினார்கள். அத்தனை அதிகாரிகளும் செருப்பைக் கழற்றியவர்கள்தானே, கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். பெரியவர் தன் மகளின் பரீட்சைக்கு ஓர் அர்ச்சனைகூட வைத்தார். குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு வெளியே வந்து, 'இந்த வீடு பிள்ளை வளர்க்க ஏற்றதல்ல' என்று கையெழுத்துப் போட்டார்.

அம்மனுக்கு ஒரு நோட்டீசும் ஒட்டினார்கள். யுகேந்திரன் என்ற பிள்ளைமேல் தங்களுக்கு உரிமை உண்டு என்றால் மையத்துக்கு நேரில் வந்து தெரிவிக்கவும், அலுவலக நேரத்தில் மட்டும், அடையாள அட்டையோடு.

ஷாமளா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அதிகாரம் இந்தச் சட்டைகளுக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆத்தா, நீ மட்டும் வந்து தொலைக்காதே என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

தீர்ப்பு நாளில் மைய மண்டபத்தில் நாற்காலி போட்டு, பேனர் கட்டி, மீகோரெங் நூடுல்சும் சிரப் தண்ணீரும் வைத்திருந்தார்கள். ஷாமளாவும் வசந்தனும் யுகேனை நடுவில் உட்கார வைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். பிள்ளையின் துணி ஒரு பையில் தயாராக இருந்தது. கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. மையத் தலைவர் ஜெயபாலன் மைக்கைப் பிடித்தார். கனத்த உடம்பு, இனிமையான குரல், பேசும்போது தன் பேச்சையே ருசிப்பவர்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! நம் மையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பிள்ளையைக்கூட நாம் கைவிட்டதில்லை. ஏனென்றால், கைவிடப்படக்கூடிய பிள்ளைகளை நாம் பதிவு செய்வதே இல்லை! இந்த வருஷம் காப்பாற்ற வேண்டிய பிள்ளைகளை ஆகஸ்ட்டு மாதமே காப்பாற்றி முடித்துவிட்டோம். மிச்சம் இருக்கும் பிள்ளைகள் ஜனவரி வரை பொறுமையாக இருக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள். வசந்தனும் தட்டினான். தட்டாவிட்டால் என்ன நிறம் விழுமோ என்ற பயம்.

"சில பேர் கேட்கிறார்கள், தலைவரே, நீங்கள் ஏன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை என்று. பார்த்தால் என்ன ஆகும்? மனம் கலங்கும்! மனம் கலங்கினால் நடுநிலை போய்விடும். நான் இந்தப் பதவிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இன்றுவரை அடிபட்ட ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. அதுதான் என் நேர்மை!"

மறுபடியும் கைதட்டல். பிறகுதான் தீர்ப்பு. மூன்றாம் நபர் தரப்பிலிருந்து குறித்த நாளுக்குள் எந்த ஆட்சேபணையும் வரவில்லை. ஆகவே யுகேந்திரன் தற்காலிகமாகப் பெற்றோரிடமே இருக்கலாம். ஆனால் இந்தக் குடும்பம் இனிமேல் கண்காணிப்பில் இருக்கும். பிள்ளையை விற்பதோ வாங்குவதோ இந்த வீட்டில் இன்னொரு தடவை நடந்தால், மறுபேச்சு இல்லாமல் யுகேந்திரன் காப்பகத்துக்கு அனுப்பப்படுவான். கண்காணிப்பில் உள்ளவர்கள் பிறர்மீது கொடுக்கும் புகாரும் ஏற்கப்படாது.

வசந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஷாமளா மகனின் உச்சியை முகர்ந்துகொண்டே, மேசைக்குப் பின்னால் இருந்த சாந்தினியைப் பார்த்தாள்.

"மேடம், லோஷினி?"

சாந்தினி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னும் பச்சைதான்க்கா. இப்போ புகார் குடுத்தவங்களே இல்லைன்னு ஆயிடுச்சு."

அதற்குப் பிறகு ஷாமளா அடுத்த வீட்டுப் பக்கம் தலை திருப்புவதையே விட்டுவிட்டாள். சாயங்காலமானால் வானொலியைச் சத்தமாக வைத்தாள். இது கோழைத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் பிள்ளையின் துணிப் பை இன்னும் அவிழ்க்கப்படாமல் அலமாரிமேல் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வானொலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள்.

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம். வசந்தனுக்குச் சிங்கப்பூரில் ஓவர்டைம். வானொலியையும் மீறி அந்தச் சத்தம் வந்தது. குழாய்ச் சத்தம் இல்லை, ஏதோ பலமாகச் சுவரில் மோதிய சத்தம். கொஞ்ச நேரத்தில் பின்பக்க வேலியோரம் லோஷினி வந்து நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கை இருக்க வேண்டிய மாதிரி இல்லை. அழவில்லை. உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, யுகேன் விளையாட வருவானா?" என்றாள்.

ஷாமளா உள்ளே ஓடி, மையத்தின் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். பெயரைச் சொல்லவில்லை.

"பக்கத்து வீட்ல பிள்ளையப் போட்டு அடிச்சி கையே ஒடிஞ்சிருக்கு, சீக்கிரம் வாங்க!"

"அடிதானுங்களா?" என்றது ஒரு தூக்கக் குரல். "வித்தாங்களா?"

"இல்லை. அடி!"

"அப்போ பச்சை. திங்கக்கிழமை வாங்க. தகப்பனோட சம்மதக் கடிதம் மறக்காம கொண்டு வாங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஷாமளா சமையலறை நடுவில் நின்றாள். கூடத்தில் யுகேன் தரையில் குப்புறப் படுத்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அலமாரிமேல் பை. அடுப்புக்குக் கீழே தவிட்டு டின். வேண்டாம் ஷாமளா, உன் பிள்ளை போய்விடும் என்று அவள் மனசே அவளிடம் கெஞ்சியது. கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தவிட்டை அள்ளினாள்.

மூர்த்தி வாசலில் சேவல் கூண்டுகளுக்கு நடுவே நாற்காலியில் சாய்ந்திருந்தான். மேலே மஞ்சள் சட்டை. பிள்ளைகளின் தோழன்.

"அண்ணே," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "நல்ல தவிடு. உங்க சேவலுக்கு வச்சிக்குங்க."

"எதுக்கு?" என்றான், கண்ணைப் பாதி திறந்து.

"இதுக்குப் பதிலா லோஷினிய எனக்குக் குடுத்துடுங்க."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தான். "தவிட்டுக்கா? போ, எடுத்துட்டுப் போ. சனியன் விட்டுச்சி!" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக் கூண்டுக்கு முன்னால் கட்டியிருந்த சேவல்களுக்கு வைத்தான். எதிர்வீட்டு வாசலில் நின்ற இரண்டு பேரின் காதிலும் அது விழுந்தது. விழவேண்டும் என்றுதான் ஷாமளா வாசல் பக்கம் வந்திருந்தாள்.

பிள்ளையின் அடிபடாத கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்து, மறுபடியும் போன் போட்டாள். இந்தத் தடவை பெயரைச் சொன்னாள்.

"தாமான்ல ஒரு பொம்பளப் பிள்ளைய வித்துட்டாங்க. தவிட்டுக்கு."

தூக்கக் குரல் விழித்துக்கொண்டது. "வாங்குனது யாருங்க?"

"நான்தான்," என்றாள் ஷாமளா.

வண்டிகள் நான்கும் பறந்து வந்தன. சாந்தினி முதலில் இறங்கினாள், கையில் அந்தத் திரை ஓடுகிற டேப்லெட்டோடு. ஷாமளாவைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னக்கா பண்ணிட்டீங்க? உங்க பிள்ளையவும் தூக்கிடுவாங்களே! வாங்குனதுக்கு ஆதாரம் என்னா இருக்கு?"

ஷாமளா லோஷினியை மெல்லத் திருப்பி நிறுத்தி, சட்டையை மேலே தூக்கிக் காட்டினாள். முதுகு முழுவதும் குழாய்த் தடம், பழையதின்மேல் புதியது. பின்னால் வந்த பெரிய அதிகாரி எட்டிப் பார்த்தார். கையுறையை மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சாந்தினி திரையில் எதையோ தேடினாள். பிறகு அதை வண்டியின் பானெட்மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு," என்றாள் டிரைவரிடம். "எதையும் கேக்காதீங்க, ஓட்டுங்க."

ஷாமளாவையும் ஏறச் சொன்னார்கள், வாக்குமூலத்துக்கு. யுகேனை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அலமாரிமேல் இருந்த பையையும் யாரோ எடுத்து வந்து காலடியில் வைத்தார்கள். திரும்பி வரும்போது கையில் இரண்டு பிள்ளை இருக்குமா, ஒன்று இருக்குமா, ஒன்றும் இல்லாமல் வருவாளா, அவளுக்குத் தெரியாது. மகனின் சட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

சாந்தினியின் மடியிலிருந்து லோஷினி அவள் பக்கம் சாய்ந்தாள். அவளுக்கும் ஒரு பயம் இருந்தது.

"ஆன்ட்டி, அப்பா தவிட்டத் திருப்பிக் குடுத்துட்டா நான் திரும்பிப் போவணுமா?"

ஷாமளா வண்டி ஜன்னல் வழியே பார்த்தாள். மூர்த்தியின் வாசலில் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சேவல்கள் தரையையும் கொத்தித் துடைத்திருந்தன.

"குடுக்க முடியாதும்மா," என்றாள். "சேவல் தின்னுடுச்சு."